பின்சக்கரம் ஏன் தத்துகிறது?

ஓசூர்ப் பக்கத்தில் விளையும் காய்கறி பெங்களூரு சிட்டி மார்க்கெட்டுக்கு வருகிறது. இரண்டு ஊருக்கும் இடையே சுமார் 40 கிலோமீட்டர். பிக்கப் வண்டிகள் இரவில் மூட்டைகளை ஏற்றிக் கிளம்புகின்றன. விடிந்ததும் வெறும் வண்டியாகத் திரும்புகின்றன. ஓட்டுநருக்கு அந்த வண்டிதான் பிழைப்பு. வண்டிக் கடனின் தவணையும் அதில்தான் அடைய வேண்டும்.

அப்படி ஓர் ஓட்டுநர் சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பினார். மழை ஈரம். மேட்டில் வண்டியைக் கிளப்பினார். பின்சக்கரம் தடதடவென்று தத்தியது. வண்டி ஒரு பக்கமாக இழுத்தது. பக்கத்தில் வந்த ஸ்கூட்டர்க்காரர் நூலிழையில் தப்பினார்.

ஓட்டுநர் பயந்துபோனார். கலாசிபாளையத்தில் தெரிந்த மெக்கானிக்கிடம் போனார்.

"அண்ணே, பின்னால் ஒரு பட்டை சேர்த்துப் போடுங்கள்."

"பொறு தம்பி. எப்போது தத்துகிறது? அதை முதலில் சொல்."

"மேட்டில் கிளப்பும்போது தத்துகிறது. வேகத்தடை ஏறி இறங்கினாலும் குதிக்கிறது."

"அப்படியானால் பட்டை சேர்ப்பது மருந்து இல்லை" என்றார் மெக்கானிக்.

கமான் பட்டையின் வேலை

'கமான்' என்றால் இந்துஸ்தானியில் வில் என்று பொருள். கமான் பட்டையும் வில் போல வளைந்திருக்கும். பழைய ஜட்கா வண்டியிலும் இது உண்டு. இரும்புப் பட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் சென்டர் போல்ட் போட்டிருப்பார்கள். யூ போல்ட்டுகள் இந்தக் கட்டை ஆக்ஸிலோடு இறுக்கிப் பிடிக்கும்.

கமான் பட்டைக்கு இரண்டு வேலை. ஒன்று, பாரத்தைத் தாங்குவது. இரண்டு, ஆக்ஸிலை அதன் இடத்தில் பிடித்து வைப்பது.

தத்துவதற்குக் காரணம்

வேகமாகக் கிளப்பும்போது சக்கரம் முன்னோக்கிச் சுழலும். ஆக்ஸில் கூடு அதற்கு எதிராகத் திரும்பப் பார்க்கும். அப்போது கமான் பட்டை முறுக்கிக்கொள்ளும். டயர் சற்று வழுக்கியதும் பட்டை விடுபட்டு நிமிரும். டயர் மறுபடி தரையைப் பிடிக்கும். பட்டை மறுபடி முறுக்கும். இப்படி மாறி மாறி நடப்பதுதான் தத்தல்.

இந்த ஆட்டத்தை அடக்குவது ஷாக் அப்சார்பர். அதற்குள் எண்ணெய் இருக்கிறது. காற்றில் கையை வேகமாக வீசலாம். தண்ணீருக்குள் அப்படி வீச முடியாது. எண்ணெயும் அப்படித்தான் ஆட்டத்தைத் தடுக்கிறது. எண்ணெய் ஒழுகிவிட்டால் ஆட்டம் அடங்காது.

தரையை விட்டு எழும்பிய சக்கரத்தில் பிரேக் பிடித்துப் பயன் இல்லை. ஆபத்து அங்கேதான் இருக்கிறது. தத்தலோடு ஓட்டிக்கொண்டே இருந்தால் ஆக்ஸிலும் பற்சக்கரமும் உடையக்கூடும்.

வரிசையாகப் பார்க்க வேண்டியவை

1. டயர் காற்று. வெறும் வண்டிக்கு ஓர் அளவு, பாரத்துக்கு ஓர் அளவு உண்டு. வண்டியோடு வந்த புத்தகத்தில் அது இருக்கும். டயர் சூடாகும் முன்பே அளக்க வேண்டும். டயரில் வீக்கம் இருந்தால் மாற்ற வேண்டும்.

2. யூ போல்ட். நட்டு தளர்ந்திருந்தால், புத்தகத்தில் சொன்ன அளவுக்கு இறுக்க வேண்டும். பாரம் ஏற்றி ஓட்டிய பிறகு மறுபடி சோதிக்க வேண்டும். மரை தேய்ந்த போல்ட்டைத் திரும்பப் போடக் கூடாது.

3. புஷ். பட்டையின் இரு நுனியிலும் புஷ் இருக்கும். அது தேய்ந்தால் பட்டை ஆடும். கிளப்பும்போது 'டக்' என்ற சத்தம் கேட்கலாம்.

4. பட்டை. எங்காவது விரிசல் உண்டா? ஒரு பக்கம் தாழ்ந்திருக்கிறதா? சென்டர் போல்ட் உடைந்திருக்கிறதா? அது உடைந்தால் ஆக்ஸில் இடம் மாறிவிடும்.

5. ஷாக் அப்சார்பர். எண்ணெய்க் கசிவு தெரிந்தால் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து மாற்றுவது நல்லது.

செய்யக் கூடாதவை

விரிசல் விட்ட பட்டையை வெல்டிங் வைக்கக் கூடாது. அந்தச் சூட்டில் பட்டையின் உரம் கெட்டுவிடும். பாரத்தோடு போகும்போது அது முறியலாம்.

காரணம் பார்க்காமல் பட்டை சேர்க்கக் கூடாது. பட்டை கூடினால் கமான் விறைத்துவிடும். வெறும் வண்டி முன்னைவிட அதிகமாகக் குதிக்கும்.

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் நுழையக் கூடாது. சமதரையில் நிறுத்தி, முன்சக்கரத்துக்குக் கட்டை வைத்து, உறுதியான ஸ்டாண்டில் வண்டியைத் தாங்கவிட வேண்டும்.

மெக்கானிக் சோதித்தார். ஒரு யூ போல்ட் தளர்ந்திருந்தது. வலது பக்கத்து ஷாக் அப்சார்பர் ஒழுகியிருந்தது. ஓட்டுநர் ஜே.சி. ரோட்டு உதிரிபாகக் கடையில் ஒரு ஜோடி வாங்கி வந்தார். மெக்கானிக் அதை மாட்டி, நட்டுகளை இறுக்கினார்.

"கிளட்சை மெதுவாக விடு, தம்பி. தத்த ஆரம்பித்தால் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடு. நாளை பாரம் ஏற்றி ஓட்டிவிட்டு வா. மறுபடி இறுக்கிப் பார்க்கலாம்."

மறுநாள் காலை வண்டி அதே மேட்டில் ஏறியது. பின்சக்கரம் தரையை விடவில்லை.