சலவைக் கணக்கில் ஒரு கொலை

1860 ஜூன் 30, சனிக்கிழமை காலை. இங்கிலாந்தின் வில்ட்ஷயர் பகுதியில் ரோடு என்ற கிராமம். தொழிற்சாலை ஆய்வாளர் சாமுவேல் கென்ட்டின் பெரிய வீட்டில், மூன்று வயது மகன் சேவிலின் படுக்கை காலியாகக் கிடந்தது. தேடிப் போனவர்கள் தோட்டத்துக் கழிப்பறைக்குள் கழுத்தறுபட்ட உடலைக் கண்டார்கள். வெளியாள் யாரும் புகுந்ததாகத் தெரியவில்லை. அப்படியானால், அன்றிரவு அந்த வீட்டில் படுத்திருந்தவர்களில் ஒருவர்தான் கொலையாளி.

துப்பறியும் கதைக்குத் தந்தை யாரென்றால் எட்கர் ஆலன் போ என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். 1841-ல் அவர் படைத்த தூப்பேன், பாரிஸில் நடந்த கொலைகளைத் தர்க்கத்தாலேயே துலக்கினார். ஆனால் ஒரே வீடு, சில சந்தேக நபர்கள், குடும்ப ரகசியம், அற்பமாகத் தோன்றும் ஒரு தடயம் என்று பின்னால் வந்த நாவல்கள் பிடித்துக்கொண்ட பாதைக்கு ரோடு கிராமத்துக் கொலைதான் பெரிய ஊற்று.

உள்ளூர் போலீஸ் இரண்டு வாரம் திணறியபின் லண்டனிலிருந்து வந்தார் இன்ஸ்பெக்டர் ஜோனதன் விச்சர். 1842-ல் எட்டே பேருடன் தொடங்கிய ஸ்காட்லாந்து யார்டு துப்பறியும் பிரிவின் முதல் ஆட்களில் ஒருவர். அவர் கேட்டு வாங்கிப் பார்த்தது வீட்டின் சலவைக் கணக்கை!

மூத்த தாரத்து மகள் கான்ஸ்டன்ஸுக்கு வயது 16. அவளிடம் இருந்த மூன்று இரவு அங்கிகளில் ஒன்றைக் காணோம். சலவைக்குப் போட்டது தொலைந்துவிட்டது என்றாள். விச்சரின் கணிப்பு வேறு. கொலைக்குப்பின், வேலைக்காரியைத் தண்ணீர் கொண்டுவர அனுப்பிவிட்டு, கூடையில் போட்ட நல்ல அங்கியை அவளே திரும்ப எடுத்துக்கொண்டாள். இரத்தக் கறை பட்டதை அழித்துவிட்டு, கணக்கில் குறையும் ஒன்றைச் சலவைக்காரி தலையில் கட்டிவிடலாம்.

விச்சர் அவளைக் கைது செய்தார். அங்கி கிடைக்கவில்லை, ஒரே வாரத்தில் அவள் விடுதலையானாள். சாதாரணக் குடும்பத்திலிருந்து வந்த ஒரு போலீஸ்காரர் கண்ணியமான வீட்டுப் பெண்மீது பழி போடுவதா என்று பத்திரிகைகள் கொதித்தன. பேர் கெட்டுப்போன விச்சர் 1864-ல் ஓய்வு பெற்றார். மறு ஆண்டே லண்டன் நீதிமன்றத்துக்குத் தானே வந்து, தம்பியைக் கொன்றது நான்தான் என்று ஒப்புக்கொண்டாள் கான்ஸ்டன்ஸ்.

1868-ல் சார்லஸ் டிக்கன்ஸின் வார இதழில் வில்கி காலின்ஸ் எழுதிய 'தி மூன்ஸ்டோன்' தொடராக வந்தது. 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது கொள்ளையடிக்கப்பட்ட வைரம் இங்கிலாந்துக்குப் போய், ஒரு மாளிகையில் திருட்டுப் போகிறது. துப்பறிய வரும் சார்ஜென்ட் கஃப் அங்கேயும் சலவைக் கணக்கைக் கேட்கிறார். கறை படிந்த ஓர் இரவு அங்கியைத் தேடுகிறார். அந்த வீட்டுப் பெண்ணையே சந்தேகப்பட்டு வெளியே அனுப்பப்படுகிறார். ஆனால் காலின்ஸ் அவரை அப்படியே விட்டுவிடவில்லை. கடைசியில் திரும்ப வரவழைத்து, ஒட்டிய உறைக்குள் குற்றவாளியின் பெயரைச் சரியாக எழுதித் தரவைக்கிறார்.

ஷெர்லக் ஹோம்ஸ் அச்சேறியது அதற்கு 19 ஆண்டுகள் கழித்து, 1887-ல். துப்பறியும் நாவலின் வரலாற்றை எழுதுகிறவர்கள் போவுக்குத் தரும் மரியாதையில் ஒரு பங்கை, சரியாகக் கண்டுபிடித்தும் தண்டிக்கப்பட்ட ஜோனதன் விச்சருக்கும் தரவேண்டும்.