உஷார்! பனியன் 15 மணி நேரத்தில் நியூயார்க் போகாது

"ஏர்ல போட்டுட்டோம், நாளன்னைக்கு உங்க கையில இருக்கும்" என்று பையருக்கு மெயில் தட்டிக்கொண்டிருக்கும் மெர்ச்சண்டைசரா நீங்கள்? அனுப்பாதீர்கள், கொஞ்சம் பொறுங்கள்!

கோவையிலிருந்து நியூயார்க் எவ்வளவு தூரம் என்று போனில் தேடினால் சுமார் 13,500 கிலோமீட்டர், 15 மணி நேரம் என்று வரும். கணக்கு தப்பில்லை. உலக உருண்டையில் இரண்டு ஊருக்கும் நடுவே நூல் பிடித்து அளந்து, மணிக்கு 900 கிலோமீட்டர் என்று வகுத்தால் கிடைக்கும் விடை அது. ஆனால் அந்த நூல் வழியே பறக்க பீளமேட்டில் இருக்கும் கோவை ஏர்போர்ட்டில் விமானமே கிடையாது. அங்கிருந்து வெளிநாடு போவதெல்லாம் சிங்கப்பூர், ஷார்ஜா, அபுதாபி என்று ஒரு கை விரலுக்குள் அடங்கிவிடும். அவையும் ஏர்பஸ் ஏ320 மாதிரி சின்ன விமானங்கள். பயணிகளின் பெட்டி போக மிச்ச இடம்தான் உங்கள் சரக்குக்கு.

அதனால் பெரிய ஷிப்மென்ட் லாரி ஏறி சென்னைக்கோ பெங்களூருக்கோ கொச்சிக்கோ போகிறது. சென்னை என்றால் ஓர் இரவு போச்சு. அப்புறம் கஸ்டம்ஸ், எக்ஸ்ரே, விமானத்தில் இடம் கிடைக்கக் காத்திருப்பு. துபாயிலோ தோஹாவிலோ இறக்கி வேறு விமானத்துக்கு மாற்றுவார்கள். அங்கே இடமில்லையென்றால் கார்ட்டன் அப்படியே படுத்துக்கிடக்கும். பறப்பதற்கு ஒரு நாள் போதும். நாட்களைத் தின்பது தரைதான்.

வானத்தையாவது நம்பலாமா? 2025 ஏப்ரல் 24 அன்று பாகிஸ்தான் தன் வான்வழியை இந்திய விமானங்களுக்கு மூடியது. டெல்லியிலிருந்து அமெரிக்கா போன ஏர் இந்தியா விமானங்கள் சில எண்ணெய் நிரப்ப வியன்னாவில் இறங்கிப் போயின. ஜூன் 23 இரவு கத்தார் வானம் மூடப்பட்டதும் தோஹாவை நோக்கி வந்த விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பப்பட்டன. ஊருக்கு ஊர் தூரம் ஒரு கிலோமீட்டர்கூட மாறவில்லை!

நேரம் போனால் போகட்டும், பில்லைப் பாருங்கள். ஏர் சரக்குக்கு எடை மட்டும் பார்ப்பதில்லை, பெட்டியின் பருமனையும் பார்க்கிறார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 6,000-ஆல் வகுப்பார்கள். 60, 40, 40 அளவுள்ள கார்ட்டன் 16 கிலோ என்று கணக்காகும். உள்ளே உப்பிய ஹூடிகள் 10 கிலோதான் இருந்தாலும் காசு 16 கிலோவுக்குத்தான். சாயப்பட்டறை லேட், பிரிண்டிங் லேட், காஜா பட்டன் லேட் என்று நீங்கள் சொல்லும் காரணம் எதுவும் பையர் காதில் ஏறாது. தாமதம் நம் பக்கம் என்றால் சரக்குக் கூலியைப் பையர் ஏற்க வேண்டிய எஃப்ஓபி ஆர்டரிலும் விமானக் கூலி நம் தலையில்தான் விடியும். பீஸுக்குச் சில ரூபாய் லாபம் பார்க்கிற தொழிலில் ஒரே ஒரு ஏர் ஷிப்மென்ட் சீசன் லாபத்தையே வழித்துக்கொண்டு போய்விடும்.

சரக்கை அனுப்பித் தரும் ஃபார்வர்டரிடம் "எத்தனை நாள்?" என்று மட்டும் கேட்காதீர்கள். எந்த ஏர்போர்ட்டில் ஏற்றுகிறார், எங்கே மாற்றுகிறார், இரண்டாவது விமானத்திலும் இடம் உறுதியா, சொல்லும் நாள் ஏர்போர்ட் வரைக்கா பையர் குடோன் வரைக்கா என்று எழுத்தில் வாங்குங்கள். முழு ஆர்டரையும் ஏரில் தள்ளுவதற்கு முன்னால், கடையில் முதலில் தேவைப்படும் சைஸ்களை மட்டும் விமானத்திலும் மீதியைத் தூத்துக்குடி வழியாகக் கப்பலிலும் அனுப்பப் பையரிடம் சம்மதம் கேளுங்கள். அதையும் பேக்கிங் முடிவதற்குள் கேளுங்கள். சைஸ்கள் கலந்து பெட்டி ஒட்டிய பிறகு பிரித்தெடுக்க இன்னும் ஒரு நாள் போய்விடும்.