சுங்கை பூலோ: பட்டா இல்லாத வீடுகளும் குடும்ப வரலாறும்

முன்னுரை

கோலாலம்பூருக்கு வடமேற்கே, சிலாங்கூர் மாநிலத்தில் அமைந்துள்ள ஊர் சுங்கை பூலோ. மலாய்மொழியில் 'சுங்கை' ஆற்றையும் 'பூலோ' மூங்கிலையும் குறிக்கும். தமிழகத்தில் ஒரு குடும்பத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் பூர்வீக வீட்டையும் அதன் பட்டாவையும் முதற்சான்றாகக் கொள்வது வழக்கம். மலேசியத் தோட்டத் தமிழர்க்கு அத்தகைய சான்று பெரும்பாலும் இல்லை. அவ்வாறாயின் அவர்தம் குடும்ப வரலாற்றை எதனைக்கொண்டு எழுதுவது? இவ்வினாவைச் சுங்கை பூலோவின் இருவகை வீடுகளை முன்வைத்து நாம் இங்கு நோக்குவோம்.

லயத்து வீடு

மலாயா இரப்பர் ஆராய்ச்சிக் கழகம் 1925இல் சட்டத்தின்வழித் தோற்றுவிக்கப்பட்டது. அதன் ஆய்வுத் தோட்டம் சுங்கை பூலோவில் அமைந்தது. மக்கள் வழக்கில் அது 'ஆர்.ஆர்.ஐ. தோட்டம்' எனப்பட்டது. உலகின் பல நாடுகளில் பயிரிடப்படும் 'ஆர்.ஆர்.ஐ.எம். 600' என்னும் இரப்பர் வகை இக்கழகம் உருவாக்கியதேயாகும். அறிவியலார் ஆய்ந்த மரங்களில் பால் வெட்டியோருள் தமிழர் பலர்.

தோட்டத் தொழிலாளர் வாழ்ந்த இடம் லயம். வீட்டைச் சுற்றிக் கீரையும் முருங்கையும் வளர்த்தனர். ஆடு மாடு பேணினர். மாரியம்மனுக்குக் கோயில் எடுத்தனர். ஆயினும் வீடு நிருவாகத்திற்கே உரியது. வேலை நீங்கின் வீடும் நீங்கும். மூன்று தலைமுறை வாழ்ந்தும் உரிமை பெறாத இந்நிலையே தோட்ட வாழ்வின் அடிப்படைச் சிக்கல் எனலாம். 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் வீடமைப்புச் சட்டம் வீட்டின் தரத்தை வரையறுத்தது. ஆனால் வீட்டைத் தொழிலாளர்க்கு உடைமையாக்கவில்லை. பின்னர் இத்தோட்ட நிலத்தில் ஏறத்தாழ 2,330 ஏக்கர் 'குவாசா டாமன்சாரா' என்னும் புதுநகர்த் திட்டத்திற்கு உரியதாயிற்று.

நம்பிக்கைப் பள்ளத்தாக்கு

மற்றொரு வகை வீடுகள் 1930இல் திறக்கப்பெற்ற தொழுநோயாளர் குடியிருப்பில் இருந்தன. மருத்துவர் டிராவர்ஸ் நோயாளரைச் சிறைப்பட்டோர்போல் நடத்துவதை எதிர்த்தவர். அவர்தம் முயற்சியால் இக்குடியிருப்பு தோட்டநகராக வகுக்கப்பட்டது. சிறு சிறு வீடுகளும் பள்ளியும் வழிபாட்டிடங்களும் அமைந்தன. தனி நாணயமும் அங்கு வழங்கியது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்த காலமும் உண்டு. பல இனத்தார் வாழ்ந்த அவ்விடத்தில் தமிழரும் இருந்தனர்.

அங்கே திருமணங்கள் நிகழ்ந்தன. எனினும் பிறந்த குழந்தைகள் நோய் தொற்றாதிருக்கும்பொருட்டுப் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டனர். பலர் தத்துக் கொடுக்கப்பட்டனர். தோட்டத்தில் குடும்பம் இருந்தது, வீட்டுரிமை இல்லை. இங்கோ வீடு இருந்தது, குடும்பம் சிதைந்தது. 2007இல் குடியிருப்பின் கிழக்குப் பகுதி வீடுகள் பல்கலைக்கழக வளாகம் ஒன்றன்பொருட்டு இடிக்கப்பட்டன. பெற்றோரைத் தேடி வருவோர்க்கு முகவரியாக எஞ்சியிருந்த சுவர்களும் அவற்றோடு மறைந்தன.

சான்றுகளும் ஆசிரியர் பணியும்

2016 திசம்பரில் எம்.ஆர்.டி. இரயில் சேவை தொடங்கியபின் சுங்கை பூலோ தலைநகரோடு மேலும் நெருங்கியது. ஊர் வளருந்தோறும் பழைய வீடுகளின் தடயங்கள் குறைகின்றன. எனவே பட்டாவிற்கு மாற்றான சான்றுகளை நாம் நாடவேண்டும். பிறப்புச் சான்றிதழிலுள்ள பிறந்த இடமும் முகவரியும் முதலாவது. சம்பளச் சீட்டுகள் இரண்டாவது. கோயில் திருவிழா அழைப்பிதழ்களும் நன்கொடைப் பட்டியல்களும் மூன்றாவது.

பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு இவற்றுள் தனிச்சிறப்புடையது. ஒரே இனத்தைச் சேர்ந்த பள்ளிவயதுக் குழந்தைகள் பத்துப் பேர் இருப்பின் தோட்ட நிருவாகம் பள்ளி அமைக்கவேண்டும் என 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. அதனால் தோட்டந்தோறும் தமிழ்ப்பள்ளிகள் பெருகின. அப்பதிவேட்டில் காணும் தந்தை பெயரும் சேர்ந்த நாளும் ஒரு குடும்பம் அவ்விடத்தில் வாழ்ந்தமைக்கு எழுத்துச் சான்றாகும். பள்ளிகள் இடம்பெயரும்போது பழைய பதிவேடுகளைக் கழிவுத்தாளாகக் கருதிவிடுதல் கூடாது.

முடிவுரை

உரிமைப் பத்திரம் இல்லாமையால் வரலாறு இல்லை என்றாகாது. மாணவர் தம் பாட்டன் பாட்டியரிடம் லயத்தின் பெயரையும் வெட்டிய மரநிரையின் எண்ணையும் கேட்டெழுதுவதே ஓர் ஆவணத்தின் தொடக்கமாகும். நினைவுடையோர் நம்மிடையே இருக்கும்போதே இப்பணியை மேற்கொள்ளுதல் தமிழாசிரியர்தம் கடமையாகும்.