ஒரு கல்லாப்பெட்டி, இரண்டு சர்க்கார்!

நியூயார்க் நகரத்தில் ஒரு பிட்சாக் கடை. பகல் நேரம். கூட்டம் நெரிகிறது.

கடையின் மூலையில் ஒருவர் உட்கார்ந்து இருக்கிறார். அவர் பிட்சா தின்னவில்லை, காப்பியும் குடிக்கவில்லை. கையில் காகிதமும் பென்சிலும். யார் என்ன வாங்குகிறார்கள், கல்லாவில் எவ்வளவு விழுகிறது என்று குறித்துக்கொண்டே இருக்கிறார்.

காலையில் கடை திறக்கும்போது வந்தவர். இரவு மூடும் வரை நகர மாட்டார்!

யார் அவர்? விற்பனை வரி அதிகாரி. மாநில சர்க்கார் அனுப்பிய ஆள்.

இந்தக் கடை நாம் உதாரணத்துக்கு வைத்துக்கொண்ட கடைதான். ஆனால் இந்த முறை உண்மை. கடைக்காரரிடம் ஒழுங்கான பில்லும் கணக்கும் இல்லை என்றால், நியூயார்க் மாநில அதிகாரிகள் இப்படி நேரில் உட்கார்ந்து ஒரு நாள் வியாபாரத்தை எண்ணுவது உண்டு. அதை வைத்து வருட வியாபாரத்தைக் கணக்குப் போடுவார்கள். எத்தனை மூட்டை மாவு வாங்கினார், எவ்வளவு பாலாடைக் கட்டி வாங்கினார் என்று மொத்த வியாபாரியின் கணக்கைப் பார்த்து மடக்குவதும் உண்டு.

மாவு பொய் சொல்லாது அல்லவா?

இரண்டு எஜமானர்கள்

நம் நாட்டில் சம்பளத்துக்கும் வியாபார லாபத்துக்கும் உரிய வருமான வரியை மத்திய சர்க்கார் வாங்குகிறது. அமெரிக்காவில் அப்படி இல்லை. மத்திய சர்க்கார் தனியாக வாங்கும். பெரும்பாலான மாநிலங்கள் தனியாக வாங்கும். டெக்சாஸ், புளோரிடா போன்ற சில மாநிலங்கள்தான் "சம்பளத்தில் எங்களுக்குப் பங்கு வேண்டாம்" என்று விட்டு வைத்திருக்கின்றன. நியூயார்க் நகரத்தில் குடியிருப்பவர் பாடு இன்னும் மோசம். அவர் நகரத்துக்கும் வருமான வரி கட்ட வேண்டும்!

விஸ்கான்சின் மாநிலம் 1911-லேயே வருமான வரி போட்டுவிட்டது. இன்றுள்ள மத்திய வருமான வரிக்கு வழி செய்த அரசியல் சட்டத் திருத்தம் 1913-ல்தான் வந்தது.

மத்திய வரி இலாகாவின் பெயர் ஐ.ஆர்.எஸ். அமெரிக்காவில் இந்த மூன்று எழுத்தைக் கேட்டால் கோடீசுவரனும் நிமிர்ந்து உட்காருவான்.

மாநில இலாகா வேறு, ஐ.ஆர்.எஸ். வேறு. கட்டடம் வேறு, அதிகாரி வேறு, படிவமும் வேறு. அதனால் பலர் ஏமாந்துபோகிறார்கள். "மாநிலம் கண்டுபிடித்தது மாநிலத்தோடு போய்விடும்" என்று நினைத்துவிடுகிறார்கள்.

போகாது!

ஒரு லட்சம் டாலர்

நமது பிட்சாக் கடைக்கே வருவோம். கடை, முதலாளியின் சொந்தப் பெயரில் நடக்கிறது. அந்த வருடம் 5 லட்சம் டாலருக்கு வியாபாரம் ஆனதாகக் கணக்குக் காட்டி இருக்கிறார். அதிகாரி எண்ணிப் பார்த்துவிட்டு, "இல்லை, 6 லட்சம்" என்கிறார்.

மறைந்து கிடந்தது ஒரு லட்சம் டாலர்.

நியூயார்க் நகரத்தில் விற்பனை வரி நூற்றுக்கு 8.875. ஆகவே கடைக்காரர் கட்ட வேண்டிய பாக்கி 8,875 டாலர். அதற்கு மேல் வட்டி, அபராதம். விற்பனை வரி என்பது வாங்குகிறவர் கொடுக்கும் பணம். அதைக் கடைக்காரர் வசூல் செய்து சர்க்காரிடம் ஒப்படைக்க வேண்டும். அது அவர் பணமே அல்ல. அதனால் இந்த விஷயத்தில் மாநிலம் தாட்சண்யம் பார்ப்பது இல்லை.

கடைக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டுகிறார். கையெழுத்தும் போடுகிறார். வீட்டுக்குப் போய் மனைவியிடம், "அப்பாடா, தொலைந்தது பீடை!" என்கிறார்.

தொலைந்ததா?

விற்பனை ஒரு லட்சம் கூடினால், கடைக்கு வந்த பணமும் ஒரு லட்சம் கூடியது என்றுதானே அர்த்தம்? அந்தப் பணம் ஐ.ஆர்.எஸ்.சுக்குக் கொடுத்த வருமான வரிக் கணக்கில் எங்கே? கிடையாது!

மாவு, பாலாடைக் கட்டி ஆகியவற்றின் செலவை ஏற்கெனவே முழுவதும் கழித்துவிட்டார். எனவே இந்த ஒரு லட்சத்தில் பெரும் பகுதி லாபமாகவே நிற்கும். நூற்றுக்கு 22 என்ற படியில் அவர் வருமானம் இருந்தால், மத்திய வருமான வரி மட்டும் சுமார் 22,000 டாலர். சொந்தத் தொழில் செய்பவர் முதுமைக்கால உதவிக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் தனியாக ஒரு வரி கட்ட வேண்டும். அது நூற்றுக்கு 15.3. சில கழிவுகள் கிடைக்கலாம். அதனால் தொகை கொஞ்சம் இறங்கலாம். அலட்சியத்தால் வந்த தவறு என்று ஐ.ஆர்.எஸ். கருதினால், குறைந்த வரியில் நூற்றுக்கு 20 அபராதம். வட்டியோ நாள்தோறும் குட்டி போடும்!

மாநிலத்துக்குக் கட்டியது 8,875. மத்திய சர்க்காருக்குக் கட்ட வேண்டியது அதைப்போல் மூன்று மடங்குக்கு மேல். மகளைக் கல்லூரியில் சேர்க்க வைத்திருந்த பணம் அதற்கே போதாது.

கோள் சொல்வது யார்?

"மாநிலம் கண்டுபிடித்தது ஐ.ஆர்.எஸ்.சுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்கலாம்.

இரண்டு இலாகாக்களுக்கும் நடுவே ஒப்பந்தம் இருக்கிறது! மாநில அதிகாரிகள் கணக்குப் பார்த்து எழுதும் அறிக்கைகள் ஐ.ஆர்.எஸ்.சுக்குப் போகின்றன. ஐ.ஆர்.எஸ். பிடித்த தவறுகள் மாநிலத்துக்கு வருகின்றன.

ஒரு காலத்தில் வரிக் கணக்கு ரகசியத்துக்கு இவ்வளவு பாதுகாப்பு இல்லை. வாட்டர்கேட் ஊழலுக்குப் பிறகு, 1976-ல், சட்டத்தை இறுக்கினார்கள். கண்டவர்களிடம் ஐ.ஆர்.எஸ். கணக்கைக் காட்ட முடியாது. ஆனால் மாநில வரி இலாகாவின் தலைவர், வரி வேலைக்காக என்று எழுத்து மூலம் கேட்டால் கொடுக்கலாம். அந்தக் கதவு மட்டும் திறந்தே இருக்கிறது.

மாநிலத்தில் எழுதும் எல்லா அறிக்கையையும் ஐ.ஆர்.எஸ். எடுத்துக்கொண்டு கிளம்பிவிடும் என்பது இல்லை. எதை எடுக்கும், எதை விடும் என்பது கடைக்காரருக்குத் தெரியாது. வயிற்றில் புளியைக் கரைப்பது அதுதான்.

வேலையாட்கள் விஷயத்திலும் இதே கதைதான். பிட்சாவை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் பையனை, "அவன் என் வேலையாள் அல்ல, தனி ஒப்பந்தக்காரன்" என்று முதலாளி கணக்கில் எழுதி இருப்பார். வேலையில்லாதவர்களுக்கு உதவித்தொகை கொடுக்கும் மாநில இலாகா வந்து பார்த்து, "இவன் வேலையாள்தான்" என்று முடிவு செய்யும். இந்தத் தகவலையும் பரிமாறிக்கொள்வதற்கு ஐ.ஆர்.எஸ்.சும் பல மாநிலங்களும் 2007-ல் ஒப்பந்தம் செய்துகொண்டன. பையன் சம்பளத்தில் பிடித்திருக்க வேண்டிய வரி எங்கே என்று ஐ.ஆர்.எஸ். கேட்கும்!

ஓட்டல் சீமாட்டி

சின்னக் கடைக்காரர்கள்தான் மாட்டுவார்கள் என்று நினைக்க வேண்டாம்.

லியோனா ஹெம்ஸ்லி என்ற சீமாட்டிக்கும் அவர் கணவருக்கும் நியூயார்க்கில் பெரிய பெரிய ஓட்டல்கள் இருந்தன. கனெக்டிகட் மாநிலத்தில் அவர்களுக்கு ஒரு மாளிகை. அதைப் புதுப்பித்த செலவைக் கம்பெனிச் செலவாக எழுதிவிட்டார்கள். சலவைக்கல் நடன மேடை கட்டியதுகூட வியாபாரச் செலவு!

செலவைக் கூட்டி எழுதினால் லாபம் குறையும். மத்திய சர்க்காருக்கும் வரி குறையும், மாநிலத்துக்கும் குறையும். ஏனென்றால், பெரும்பாலான மாநிலங்களில் வருமான வரிப் படிவமே, மத்திய படிவத்தில் எழுதிய தொகையில் இருந்துதான் தொடங்குகிறது. கிணறு ஒன்று, வாளி இரண்டு.

1988-ல் மத்திய சர்க்காரும் நியூயார்க் மாநிலமும் அந்த அம்மாள் மீது குற்றம் சாட்டின. சின்ன மனிதர்கள்தான் வரி கட்டுவார்கள் என்று சீமாட்டி சொன்னதாக, வீட்டு வேலைக்காரி ஒருவர் கோர்ட்டில் சாட்சி சொன்னார். சீமாட்டி அதை மறுத்தார். 1989-ல் மத்திய கோர்ட்டு அவரைக் குற்றவாளி என்றது. 1992-ம் ஆண்டு ஏப்ரல் 15-ந் தேதி அவர் சிறைக்குப் போனார்.

ஏப்ரல் 15 என்ன நாள் தெரியுமா? அமெரிக்காவில் வருமான வரிக் கணக்குக் கொடுக்கக் கடைசி நாள்!

முந்திக்கொண்டால்...

மத்திய கணக்கு மாறினால், அதை மாநிலத்துக்குச் சொல்ல வேண்டும் என்று மாநிலச் சட்டங்கள் கெடு வைத்திருக்கின்றன. கலிபோர்னியாவில் 6 மாதம். நியூயார்க்கில் தனி மனிதருக்கு 90 நாள். ஆனால் மாநிலக் கணக்கு மாறினால் இத்தனை நாளுக்குள் ஐ.ஆர்.எஸ்.சிடம் சொல் என்று அப்படி ஒரு கெடு கிடையாது.

கெடு இல்லாததே ஆபத்து. சும்மா இருந்துவிடத் தோன்றும்.

நமது கடைக்காரர் என்ன செய்யலாம்? திருத்தக் கணக்குக் கொடுக்கலாம். அந்தப் படிவத்துக்கு 1040-எக்ஸ் என்று பெயர். ஐ.ஆர்.எஸ். "உன் கணக்கைப் பார்க்கப் போகிறேன்" என்று முதல் தாக்கீது அனுப்புவதற்கு முன்னால் அதைக் கொடுத்து, வரியையும் ஒப்புக்கொண்டால், நூற்றுக்கு 20 அபராதத்தில் இருந்து தப்பலாம். வரி உண்டு, வட்டி உண்டு. அந்த அபராதம் மட்டும் இல்லை. 22,000 டாலர் வரி என்றால் 4,400 டாலர் மிச்சம்!

தாக்கீது வந்த மறுநாள் கொடுத்தால்? அந்தச் சலுகை கிடையாது. ஒரு நாள் வித்தியாசத்தில் 4,400 டாலர் போய்விடும்.

வேண்டுமென்றே கணக்கை மறைத்தவருக்கு இந்தச் சலுகை பொருந்தாது. மோசடி என்று காட்டிவிட்டால், மோசடியால் குறைந்த வரியில் நூற்றுக்கு 75 அபராதம். தானே முன்வந்து உண்மையைச் சொல்பவர்கள் சிறைக்குப் போகாமல் தப்பிக்க ஐ.ஆர்.எஸ்.சில் ஒரு வழி உண்டு. ஆனால் வேறு ஒரு சர்க்கார் இலாகா மூலம் விஷயம் ஏற்கெனவே ஐ.ஆர்.எஸ். காதுக்கு எட்டி இருந்தால், அந்த வழியும் அடைபட்டுப்போகும். அப்படிப்பட்டவர்கள் படிவத்தைத் தொடுவதற்கு முன்னால் வக்கீல் வீட்டுக்குப் போவதுதான் புத்திசாலித்தனம்.

எவ்வளவு காலம் பயப்பட வேண்டும்? சாதாரணமாக, கணக்குக் கொடுத்ததில் இருந்து 3 வருடம். காட்டிய வருமானத்தில் நூற்றுக்கு 25-க்கு மேல் விட்டுப்போய் இருந்தால் 6 வருடம். வியாபாரத்தில் இதற்கு மொத்த விற்பனையைப் பார்ப்பார்கள். நமது கடைக்காரர் காட்டியது 5 லட்சம். விட்டது ஒரு லட்சம். அதாவது நூற்றுக்கு 20. தப்பினார்! ஒன்றேகால் லட்சத்தைத் தாண்டி இருந்தால் 6 வருடம் தூக்கம் இருக்காது. மோசடிக்கோ காலக்கெடுவே இல்லை.

மாநிலம் போட்ட கணக்கை அப்படியே விழுங்க வேண்டும் என்றும் இல்லை. ஒரு நாள் எண்ணி ஒரு வருடத்தை அளப்பது உத்தேசம்தானே? அதிகாரி உட்கார்ந்த அன்று பக்கத்தில் திருவிழாவாக இருக்கலாம். பில்லும் ரசீதும் இருந்தால் வாதாடலாம். வாதாடாமல் கையெழுத்துப் போட்டுவிட்டால், "நீயே ஒப்புக்கொண்டாயே" என்ற கேள்வி நாளைக்கு ஐ.ஆர்.எஸ்.சிடம் இருந்து வரும். பலர் சின்னத் தொகை என்று நினைத்து மாநிலத்திடம் கையெழுத்துப் போடுகிறார்கள். அந்தக் கையெழுத்தின் விலை அங்கே தெரிவது இல்லை.

எல்லாத் திருத்தமும் ஆபத்து அல்ல

நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் இன்று அமெரிக்காவில் சம்பளம் வாங்குகிறார்கள். அவர்கள் மாநிலத்தில் இருந்து ஒரு கடிதம் வந்த உடனே பதறத் தேவை இல்லை.

"நீ அந்த மாநிலத்தில் குடியிருக்கவில்லை, எங்கள் மாநிலத்தில்தான் குடியிருந்தாய்" என்று மாநிலம் தகராறு செய்வது உண்டு. அது இரண்டு மாநிலங்களின் பங்குச் சண்டை. சம்பளம் மாறவில்லை, ஐ.ஆர்.எஸ். கணக்கில் காட்டிய வருமானமும் மாறாது.

கூடுதலாகக் கட்டிய மாநில வருமான வரியால் ஒரு சின்ன லாபம்கூட உண்டு. செலவுகளை ஒவ்வொன்றாக எழுதிக் கழிப்பவர்கள், அதைக் கட்டிய வருடத்தில் மத்திய கணக்கில் கழிக்கலாம். இதற்கு உச்ச வரம்பு இருக்கிறது. 2018 முதல் 2024 வரை 10,000 டாலர். 2025-ம் ஆண்டுக் கணக்குக்கு 40,000 டாலராக உயர்த்தினார்கள்; பெரிய வருமானக்காரர்களுக்கு அது குறையும். மாநிலம் போட்ட அபராதத்தை மட்டும் கழிக்க முடியாது.

நமது பிட்சாக் கடைக்காரர் கடைசியில் என்ன செய்கிறார்? செருப்புப் பெட்டியில் கிடந்த ரசீதுகளை எல்லாம் சாப்பாட்டு மேசையில் கொட்டுகிறார். கணக்கர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு 1040-எக்ஸ் படிவத்தை நிரப்புகிறார். ஒரே தடவையில் கட்டப் பணம் இல்லை. தவணை கேட்கிறார். தவணை கிடைக்கும், வட்டி நிற்காது.

படிவத்தை உறையில் போட்டு ஒட்டுகிறார். எழுந்திருக்கப் போனவரைக் கணக்கர் கையைப் பிடித்து உட்காரவைக்கிறார்.

மத்திய கணக்கு மாறிவிட்டது அல்லவா? அதை மாநிலத்துக்குச் சொல்ல வேண்டும். 90 நாள் கெடு!