கைப்பைக்குள் காற்று

சைக்கிள் டயருக்குக் காற்றடிக்கப் பேட்டரி பம்ப்புகள் வந்துவிட்டன. வாங்கும் முன் பார்க்க வேண்டியது பெட்டி மேல் உள்ள எண்ணை அல்ல, டயரில் உள்ள வால்வை.

காலை ஆறு மணி. புனேயிலோ பெங்களூரிலோ ஏதாவது ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. கீழ்த்தளத்தில், கார்களுக்கு நடுவே, மூன்று சைக்கிள்கள் சுவரில் சாய்ந்திருக்கின்றன. முதலாவது, வாரக் கடைசியில் 100 கிலோமீட்டர் ஓட்டுகிற கம்ப்யூட்டர் இன்ஜினீயரின் ஒல்லி டயர் பந்தய சைக்கிள். இரண்டாவது, பள்ளி மாணவியின் தடித்த டயர் கியர் சைக்கிள். மூன்றாவது, இரவுப் பணி முடிந்து வீடு திரும்பக் காத்திருக்கும் காவலாளியின் கறுப்பு சைக்கிள்.

இன்ஜினீயரின் கையில் புதிதாக வாங்கிய பேட்டரி பம்ப். தண்ணீர் பாட்டிலை விடச் சிறியது. பொத்தானை அமுக்கினால் தடதடவென்று சத்தம் போடுகிறது. கேட்ட அளவு காற்று ஏறியதும் தானே நின்றுகொள்கிறது. முதல் இரண்டு சைக்கிள்களுக்கும் சில நிமிடங்களில் வேலை முடிகிறது. மூன்றாவதில்தான் தகராறு. பம்ப்பின் மூக்கு வால்வில் உட்காரவே மறுக்கிறது. ஒரு வழியாகப் பொருத்தினாலும் திரையில் 40 என்று காட்டிவிட்டு மோட்டார் நின்றுவிடுகிறது. டயரை அமுக்கிப் பார்த்தால் தொளதொளவென்று இருக்கிறது.

பம்ப்பில் கோளாறு இல்லை. அது இந்த சைக்கிளுக்காகச் செய்யப்படவில்லை, அவ்வளவுதான். இத்தனைக்கும் இந்தியாவில் அதிகம் ஓடுவது இந்த மூன்றாவது வகைதான். 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி நாட்டின் வீடுகளில் பாதியில் சைக்கிள் இருக்கிறது; மேற்கு வங்கத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் நான்கில் மூன்று வீடுகளுக்கு மேல். 2006இல் பீகார் அரசு ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்கு சைக்கிள் வாங்கப் பணம் கொடுக்கத் தொடங்கியது. 2015இல் மேற்கு வங்கம் ‘சபுஜ் சாத்தி’ திட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு சைக்கிளே கொடுத்தது. இவர்களுக்கெல்லாம் சைக்கிள் பொழுதுபோக்கு அல்ல. டயரில் காற்று இறங்கினால் அன்றைய வகுப்பு போகும், அல்லது அன்றைய கூலி போகும்.

மூன்று மூக்குகள்

ஆக, பம்ப் வாங்கக் கிளம்பும் முன் செய்ய வேண்டிய முதல் காரியம், குனிந்து வால்வைப் பார்ப்பது. உலகின் சைக்கிள்களில் பெரும்பாலும் மூன்று வகை வால்வுகளே உண்டு. மூன்றுமே 1890களில் பிறந்தவை.

மோட்டார் பைக், கார் டயர்களில் இருப்பது ஷ்ரேடர் வால்வு. தடிமனானது, நடுவில் ஒரு சிறு ஊசி தெரியும். கியர் சைக்கிள்களிலும் குழந்தைகளின் சைக்கிள்களிலும் இது சகஜம். கடையில் கிடைக்கும் எந்த மின்சார பம்ப்பும் இதில் நேராகப் பொருந்தும். பெட்ரோல் பங்க்கில் இலவசமாகக் கிடைக்கும் காற்றும் இதற்கு ஏறும்.

பந்தய சைக்கிள்களில் இருப்பது பிரெஸ்டா. பென்சில் போல ஒல்லியாக நீண்டிருக்கும். நுனியில் சிறு திருகு. அதைத் தளர்த்தி, ஒரு முறை லேசாக அமுக்கிவிட்டுத்தான் பம்ப்பை மாட்ட வேண்டும். பெரும்பாலான பம்ப்புகளோடு இதற்கான பித்தளை அடாப்டர் ஒன்று வரும். சுண்டுவிரல் நக அளவே உள்ள அந்தத் துண்டு தொலைந்தால், நடுவழியில் பம்ப் இருந்தும் பயனில்லை.

மூன்றாவது, நம் அப்பாக்களின் சைக்கிளில் இருந்த டன்லப் வால்வு. வுட்ஸ் வால்வு என்றும் சொல்வார்கள். ஓட்டை உள்ள ஒரு குச்சி, அதன் மேல் மாட்டிய ரப்பர் குழாய். ‘வால்டியூப்’ என்று சைக்கிள் கடையில் கேட்டு வாங்கிய அதே ரப்பர்தான். உள்ளே போகும் காற்று ரப்பரை விலக்கிக்கொண்டு போகும். வெளியே வர முயலும் காற்று அதே ரப்பரை ஓட்டை மேல் அழுத்தி மூடிவிடும். எளிமையான, சில்லறைக் காசில் பழுது பார்க்கக்கூடிய ஏற்பாடு.

ஆனால் மின்சார பம்ப்புக்கு இந்த எளிமைதான் எதிரி. டயருக்குள் எவ்வளவு அழுத்தம் இருக்கிறது என்பதை வால்வின் வழியாகத்தான் பம்ப் தெரிந்துகொள்கிறது. ஷ்ரேடரில் ஊசியை அமுக்கினால் உள்ளே உள்ள காற்று மீட்டரை எட்டும். டன்லப்பில் அது நடக்காது. ரப்பர் ஒருவழிப் பாதை. மோட்டார் ஓடும்போது மீட்டர் காட்டுவது குழாயில் உள்ள அழுத்தம். ரப்பரைத் தள்ளித் திறக்கத் தேவையான பலமும் அதில் சேர்ந்திருக்கும். எனவே திரையில் 40 வரும்போது டயரில் அதைவிடக் குறைவாகவே இருக்கும். தானாக நிற்கும் வசதி, இங்கே அவசரப்பட்டு நின்றுவிடும் வசதியாகிவிடுகிறது.

தீர்வு உண்டு. டன்லப் வால்வின் மேல் திருகி அதை ஷ்ரேடர் அளவுக்கு மாற்றும் அடாப்டர் கிடைக்கிறது. அதை மாட்டி, வேண்டிய அளவுக்குச் சற்று அதிகமாக எண்ணை வைத்து அடித்துவிட்டு, பழைய முறைப்படி கட்டைவிரலால் டயரை அமுக்கிப் பார்க்க வேண்டியதுதான். இன்னும் நல்ல வழி, அடுத்த முறை டியூப் மாற்றும்போது அதே அளவில் ஷ்ரேடர் வால்வு உள்ள டியூப் கிடைக்குமா என்று கேட்பது. இரண்டு வால்வுகளுக்கும் ரிம்மில் தேவைப்படும் துளை ஒன்றுதான். மாற்றிவிட்டால் மீட்டரும் சரியாகக் காட்டும், பங்க்கிலும் காற்று கிடைக்கும்.

150 என்ற மாயை

பம்ப் பெட்டிகளில் கொட்டை எழுத்தில் இருப்பது ‘150 பி.எஸ்.ஐ.’ என்பது போன்ற ஓர் எண். ஒரு சதுர அங்குலத்தில் எத்தனை பவுண்டு அழுத்தம் என்ற கணக்கு அது. அந்த மோட்டாரால் எட்ட முடிகிற உச்சம் அது என்பதற்கு மேல் அதில் விஷயம் இல்லை. சாதாரணக் கறுப்பு சைக்கிளுக்கு 45 பி.எஸ்.ஐ. அளவில் போதும். தடித்த டயர் கியர் சைக்கிளுக்கு 40 அளவில். பந்தய சைக்கிளின் 25 மில்லிமீட்டர் டயருக்கு 90 வரை தேவைப்படலாம். சரியான அளவு, டயரின் பக்கச் சுவரிலேயே அச்சிடப்பட்டிருக்கும். அதில் உள்ள உச்ச அளவைத் தாண்டக் கூடாது. புதிய ரகப் பந்தய சைக்கிள்களில் உள்ள ‘ஹூக்லெஸ்’ ரிம்களுக்கு உச்சம் 5 பார், அதாவது சுமார் 72 பி.எஸ்.ஐ. அதை மீறினால் டயர் ரிம்மை விட்டே கழன்றுவிடும் அபாயம் உண்டு.

அழுத்தத்தைவிட முக்கியம், எவ்வளவு காற்று என்பது. 90 பி.எஸ்.ஐ. என்றால் பெரிய வேலை என்று தோன்றும். ஆனால் ஒல்லி டயரின் உட்புறம் ஒரு லிட்டர் இடம்தான். அதை நிரப்ப வெளியிலிருந்து இழுக்க வேண்டியது சுமார் 6 லிட்டர் காற்று. கறுப்பு சைக்கிள் டயருக்கு 45 பி.எஸ்.ஐ. எட்ட சுமார் 8 லிட்டர். இரண்டு அங்குல அகலமுள்ள கியர் சைக்கிள் டயருக்கு 40 எட்டவே சுமார் 10 லிட்டர். அழுத்தம் குறைவாகக் கேட்கும் டயர்தான் பம்ப்பிடம் அதிக வேலை வாங்குகிறது.

எனவே கடையில் கேட்க வேண்டிய கேள்வி, ‘எத்தனை பி.எஸ்.ஐ.?’ என்பதல்ல. ‘என் டயர் அளவுக்கு, வெறுமையிலிருந்து என் அழுத்தம் வரை எத்தனை நிமிடம்? ஒரு சார்ஜில் எத்தனை டயர்?’ என்பதே. பொறுப்பான தயாரிப்பாளர்கள் டயர் அளவு வாரியாக இதை அச்சிடுகிறார்கள். அப்படி எதுவும் சொல்லாமல் உச்ச அழுத்தத்தை மட்டும் சொல்லும் பெட்டியைத் திருப்பி வைத்துவிடலாம்.

பேட்டரிக் கணக்கு

அடுத்த குழப்பம் பேட்டரி. ‘2,000 மில்லி ஆம்பியர்-ஹவர்’ என்று இரண்டு பம்ப்புகளிலும் போட்டிருக்கும். ஒன்றில் இருப்பது 3.7 வோல்ட் பேட்டரி, மற்றதில் 7.4 வோல்ட் என்றால் இரண்டாவதில் இருக்கும் சக்தி இரண்டு மடங்கு. வோல்ட்டையும் ஆம்பியர்-ஹவரையும் பெருக்கினால் வரும் வாட்-ஹவர்தான் உண்மையான அளவுகோல். முதலாவதில் 7.4, இரண்டாவதில் 14.8. ஒப்பிட வேண்டியது இந்த எண்களைத்தான்.

உள்ளே இருப்பது லித்தியம் பேட்டரி. ஐ.எஸ். 16046 தரத்தின் கீழ் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு பெற்ற பேட்டரிதானா என்று பார்ப்பது நல்லது. லித்தியம் பேட்டரிக்கு வெயில் ஆகாது. 45 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடான பேட்டரியை சார்ஜ் செய்வது அதன் ஆயுளைக் குறைக்கும். நாக்பூரின் மே மாத மதியத்தில் நிறுத்திவைத்த காருக்குள் பம்ப்பை விட்டுவிட்டு வருவது, பேட்டரிக்கு நாமே வைக்கும் கொள்ளி. மாதக் கணக்கில் பயன்படுத்தாமல் வைப்பதானால் பாதி சார்ஜில் வைப்பது உத்தமம். ஆனால் பயணத்துக்கு முந்தைய இரவு மறக்காமல் முழுக்க ஏற்ற வேண்டும். சார்ஜ் இல்லாத பம்ப், பையில் கிடக்கும் வெறும் சுமை.

சூடு இன்னொரு விதத்திலும் தொல்லை. காற்றை நெருக்கினால் அது சூடாகும். கை பம்ப்பின் அடிப்பகுதி சுடுவதை அனுபவித்தவர்களுக்கு இது தெரியும். சின்ன மின்சார பம்ப்பில் இந்தச் சூடு முழுவதும் ஒரு சிறு உலோக மூக்கில் வந்து குவிகிறது. கைபட்டால் சுடும். பிளாஸ்டிக் வால்வு உள்ள லேசான டி.பி.யு. டியூப்களை அது இளக்கியே விடலாம். ஆகவே சில அங்குல ரப்பர் குழாய் வழியாகக் காற்று அனுப்பும் பம்ப் பாதுகாப்பானது. குழாய் இருந்தால் ஆரக்கம்பிகளுக்கு நடுவே கையை நுழைத்து மல்லுக்கட்டவும் வேண்டாம். ஒரு டயர் முடிந்ததும் மோட்டாரைச் சற்று ஆறவிட வேண்டும்.

குழாயைக் கழற்றுவதிலும் கவனம் தேவை. மெல்லத் திருகிக்கொண்டிருந்தால் அதற்குள் கொஞ்சம் காற்று வெளியேறிவிடும். ஒல்லி டயரில் இந்த இழப்பு பளிச்சென்று தெரியும். இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. கூட வைத்து அடித்துவிட்டு, சட்டென்று கழற்றுவதே பழகியவர்களின் வழக்கம்.

யாருக்கு எது?

சந்தையில் இருப்பவற்றை மூன்றாகப் பிரிக்கலாம். 100 முதல் 200 கிராம் எடையில் சட்டைப் பைக்குள் போகும் குட்டி பம்ப், ஒன்றிரண்டு டயர்களை நிரப்பும். சிலவற்றில் மீட்டரே கிடையாது. பெங்களூரிலிருந்து விடியுமுன் கிளம்பி 200 கிலோமீட்டரை பதின்மூன்றரை மணி நேரத்தில் முடிக்க வேண்டிய ‘பிரெவே’ பயணிக்கு இது பொருத்தம். அவருக்கு வழியில் பஞ்சர் ஆனால் கடை திறந்திருக்காது. கை பம்ப்பால் 90 எட்டுவதற்குள் தோள் கழன்றுவிடும்.

அரை கிலோ எடையில், மீட்டர், குழாய், தானாக நிற்கும் வசதி எல்லாம் உள்ளது இரண்டாவது வகை. வீட்டில் இரண்டு மூன்று சைக்கிள்களும் ஒரு ஸ்கூட்டரும் இருந்தால் இதுதான் சரி. குனிந்து பம்ப் அடிக்க முடியாத முதியவர்களுக்கும் முதுகு வலிக்காரர்களுக்கும் இது வரப்பிரசாதம். காரின் 12 வோல்ட் சாக்கெட்டில் செருகி ஓட்டுவது மூன்றாவது. கார் இருக்கும் இடத்தில்தான் அதற்கு உயிர்.

எந்த பம்ப்பும் பஞ்சர் ஒட்டாது என்பதையும் மறந்துவிடக் கூடாது. ஒட்டுத் துண்டு, பசை, டயர் கழற்றும் நெம்புகோல் இவை பையில் இல்லாமல் பம்ப் மட்டும் இருந்தால், ஓட்டை டியூப்பில் காற்றடித்து வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். டியூப் இல்லாத டயரை ரிம்மில் முதன்முதலாக உட்கார வைக்கும் அளவு வேகமும் இந்தச் சிறு பம்ப்புகளுக்குப் பெரும்பாலும் கிடையாது.

தினம் வீட்டிலிருந்து வேலைக்கும், வேலையிலிருந்து வீட்டுக்கும் போகிறவருக்கோ, ஒரு நல்ல நிற்கும் பம்ப் வீட்டில் இருந்தால் போதும். அதற்கு சார்ஜ் வேண்டாம், வெயில் பயம் இல்லை. வாஷர் தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். பேட்டரி பம்ப்போ சில ஆண்டுகளில் பேட்டரி தளர்ந்ததும் பெரும்பாலும் குப்பைக்குத்தான் போகும். வாரம் ஒரு முறை காற்றைச் சரிபார்க்கும் பழக்கம், எந்த விலையுயர்ந்த பம்ப்பையும் விடப் பெரிய பாதுகாப்பு. காற்றுக் குறைந்த டயர் குழியில் இறங்கும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் நசுங்கி, பாம்புக் கடி போல இரண்டு துளை விழுகிறது. ஆணி எதுவும் குத்தாமலே பஞ்சராவது பலமுறை இப்படித்தான்.

கீழ்த்தளத்தில் காவலாளி இன்னும் நின்றுகொண்டிருக்கிறார். தெருமுனை பஞ்சர் கடை திறக்க ஒன்பது மணி ஆகும். அவர் இரவு முழுக்க விழித்திருந்தவர். சில ஆயிரம் ரூபாய் பம்ப்பால் அவருக்கு உதவ முடியவில்லை என்பது உண்மை. ஆனால் அந்தக் குறையைத் தீர்க்கத் தேவை ஒரு சிறு பித்தளை அடாப்டர்தான். பம்ப் வாங்கும்போதே அதையும் கேட்டு வாங்கியிருந்தால், மூன்று சைக்கிள்களும் இந்நேரம் கிளம்பியிருக்கும்.