ஆடிப் பார்த்துத்தான் ஆட்டம் பிறக்கும்

விருதுநகர், சிவகாசித் தெருக்களில் சாயங்காலம் நடக்கும் கிரிக்கெட்டைக் கொஞ்சம் நின்று பாருங்கள். பந்து வீட்டுக்குள் விழுந்தால் அவுட். ஒரு குத்து குத்தி எழும் பந்தை ஒற்றைக் கையில் பிடித்தாலும் அவுட். ஆள் ஒற்றைப்படையில் வந்தால் மிஞ்சியவன் ஜோக்கர். இரண்டு அணிக்கும் மட்டை பிடிப்பான். எந்தச் சங்கமும் எழுதித் தராத விதிகள் இவை. தெரு குறுகல், ஆள் குறைவு என்று ஒவ்வொரு சிக்கலுக்கும் பிள்ளைகளே சண்டை போட்டு, ஆடிப் பார்த்துக் கண்டுபிடித்தவை. இதை ஒரு படைப்பு வேலையாக நாம் மதித்ததே இல்லை.

கூடைப்பந்தும் இப்படித்தான் பிறந்தது. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நைஸ்மித் 13 விதிகளை எழுதி, 18 மாணவர்களை அணிக்கு 9 பேராகப் பிரித்து ஆடவிட்டார். பீச் பழக்கூடைக்கு அடிப்பாகம் இருந்ததால், விழுந்த பந்தை ஆள் ஏறி எடுக்க வேண்டியிருந்தது. ஆட ஆடத்தான் கூடையும் மாறியது, ஆள் கணக்கும் 5 ஆனது. நம் பூப்பந்தோ திறந்தவெளிக்கென்றே அமைந்த ஆட்டம். 19ஆம் நூற்றாண்டில் தஞ்சை அரச குடும்பத்தார் தொடங்கியதாகச் சொல்வார்கள். இறகுப்பந்து காற்றில் விலகிப் போகும். பூப்பந்தின் கம்பளிப் பந்து அவ்வளவு விலகாது.

சிவகாசியின் கதையே மண்ணுக்கேற்றதைத் தேடிய கதைதான். 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். மழை குறைந்த இந்தக் காற்றில் குச்சியும் பெட்டியும் சீக்கிரம் காய்ந்தன. அதே வறட்சிதான் திடல்களையும் ஆண்டின் பெரும்பகுதி சேறில்லாமல் வைத்திருக்கிறது. ஆனால் விடியுமுன்னே தீப்பெட்டி ஆபீஸ் பஸ்ஸில் ஏறிய பிள்ளைகளுக்குத் திடல் எங்கே வாய்த்தது? சிவகாசிச் சிறுவர் உழைப்பு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1996இல். ஒரு தலைமுறை இழந்த விளையாட்டு நேரத்தை அடுத்த தலைமுறைக்காவது முழுசாகக் கொடுக்க வேண்டும்.

பிள்ளைகள் புது ஆட்டம் ஒன்றை உருவாக்கத் தொடங்குவதற்குக் கிளித்தட்டே போதும். கோட்டில் நிற்பவர் கோட்டை விட்டு இறங்கக் கூடாது. எதிரணி தொடுபடாமல் எல்லாக் கட்டங்களையும் தாண்டிப் போய்த் திரும்ப வேண்டும். இதில் ஒரு துணிப்பந்தைச் சேர்த்துப் பாருங்கள். பந்து கையில் இருப்பவரைத்தான் தொட்டு அவுட்டாக்கலாம் என்று வையுங்கள். வெயில் இறங்கிய பிறகு ஆடிவிட்டு, யார் சும்மா நின்றார்கள், யார் முதலில் அவுட்டாகி நெடுநேரம் உட்கார்ந்தார்கள் என்று கேளுங்கள். அடுத்த ஆட்டத்தில் ஒரே ஒரு விதியை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது. ஓரளவு படிந்ததும் விதிகளை எழுதிப் பக்கத்துத் தெருப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு, வாய் திறக்காமல் நில்லுங்கள். அவர்கள் எந்த இடத்தில் தடுமாறிச் சண்டை போடுகிறார்களோ, அங்கே ஒரு விதி விட்டுப்போயிருக்கிறது.

உடற்கல்வி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வாரத்தில் ஒரு பி.டி. பீரியடைப் பிள்ளைகளின் கையில் விடுங்கள். கணக்கு ஆசிரியர் கேட்டாலும் அந்த நேரத்தை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.