ஈப் கடற்கரையின் நொறுங்கு நட்சத்திரங்கள்

பேலியோகோமா. ஜுராசிக் காலத்தின் முற்பகுதி, ஏறத்தாழ 18.5 கோடி ஆண்டுகளுக்கு முன். ஈப், டார்செட், இங்கிலாந்து.

இந்த மணற்கல் பாளத்தின் அடிப்பக்கத்தில் கிடப்பவை நட்சத்திர மீன்களின் உறவினர்கள். நடுவில் காசு போன்ற வட்டு. அதிலிருந்து பாம்புவாலாய் நெளியும் ஐந்து கைகள். ஆபத்து வந்தால் கையை ஒடித்துவிட்டுத் தப்பும். கை மீண்டும் முளைக்கும்.

இறந்தபின் இவற்றின் உடல் சில நாட்களிலேயே துண்டு துண்டாகச் சிதறும். ஆகவே, இப்படி முழு உருவம் கிடைப்பது அரிது. திடீரென வந்து விழுந்த மணல் இவற்றை ஒரேயடியாக மூடியிருக்கிறது. கைகள் விரிந்தது விரிந்தபடியே இருக்கின்றன, பாருங்கள்!

அக்காலத்தில் ஆழம் குறைந்த கடலடியிலும் இவை கம்பளம் விரித்தாற்போல் நெருக்கமாக வாழ்ந்தன. பின்னர் ஓடுடைக்கும் நண்டுகளும் எலும்பு மீன்களும் பெருகின. திறந்த தரையில் கிடந்த உயிர்களுக்குப் பாதுகாப்பு குறைந்தது. சிப்பிகள் பல மணலுக்குள் புதைந்தன. காம்புள்ள கடல் அல்லிகள் ஆழ்கடலுக்கு ஒதுங்கின. இன்று நாம் அறியும் கடல்வாழ் கூட்டம் அப்படித்தான் உருவானது.

நொறுங்கு நட்சத்திரங்களில் இப்போதும் சுமார் 2,000 இனங்கள் உண்டு. பெரும்பாலானவை பாறை இடுக்கிலோ மணலுக்குள்ளோ ஒளிந்து வாழ்கின்றன. பிரிட்டிஷ் தீவுகளைச் சுற்றிய கடலில் சில இடங்களில் பழைய கம்பளத்தை இன்றும் காணலாம்.